கடலில்லாத ஊரில் கிரீஸ் அங்கிள்

ஹைதராபாத்தில் கடல் கிடையாது என்ற பூகோள உண்மையைத் துளியும் பொருட்படுத்தாத மனிதர் இந்த நகரத்தில் ஒருவர்தான். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். சைனிக்புரியில் மற்றவர்கள் வீட்டில் கார் நிற்கும் இடத்தில், அவர் வீட்டில் ஒரு படகு நின்றது. டிரெய்லர் மேல், கொய்யா மரத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில், பின்னால் அவுட்போர்டு மோட்டார் தொங்க, நாளைக் காலையே மீன்பிடிக்கப் போகிற தோரணையில் நின்றது.

காலனி முழுக்க அவருக்குப் பெயர் கிரீஸ் அங்கிள். வாசலில் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் கேட்டைத் திறக்கும் போதெல்லாம் அவருடைய கிரீஸ் கை பட்டுப் பட்டு, அதில் இப்போது முதலெழுத்து மட்டும்தான் மிச்சம்.

தூத்துக்குடிக்காரர். துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் படகு மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ரூபி ஆன்ட்டி மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துப் பெண். ஓய்வுக்குப் பிறகு, ஆன்ட்டியின் அப்பா சைனிக்புரியில் கட்டிய வீட்டுக்கே இருவரும் குடிவந்தார்கள். வரும்போது மற்றவர்கள் பீரோ, கட்டில் கொண்டு வருவார்கள். இவர் ஏலத்தில் எடுத்த படகைக் கொண்டு வந்தார். கட்டில் இங்கே வாங்கிக்கொள்ளலாம், படகு கிடைக்காது என்பது அவர் வாதம். மறுக்க முடியவில்லை.

ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, காக்கி அரைக்கால் சட்டையில் படகேறிவிடுவார். கையில் கிரீஸ் கன், தோளில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி. எஞ்சினை வருடத்துக்கு ஒரு முறை தொட்டால் அதிகம். அவருடைய பக்தியெல்லாம் ஸ்டியரிங்குக்குத்தான். சக்கரத்தை இடது பக்கம் முழுக்கத் திருப்புவார். பின்னால் மோட்டார் காற்றில் ஒரு பக்கம் சாயும். வலது பக்கம் திருப்புவார், மறுபக்கம் சாயும். பழைய கிரீஸைத் துடைத்து, புதிய கிரீஸை ஏற்றி, இணைப்புகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி திருப்பிப் பார்த்து, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்பார். நான் அந்த நேரத்தில் பால்கனியில் செய்தித்தாளோடு உட்கார்ந்து, உலகத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு பேரில் யார் உருப்படியான காரியம் செய்தோம் என்று யோசித்தால் எனக்குச் சாதகமாக இல்லை.

ஒரு நாள் என் கார் தெரு முனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டு மதிலோரம் வந்து நின்றார்.

"என்ன வேய், வண்டி முனங்குதே. ஸ்டியரிங்குக்கு கிரீஸ் போட்டு எவ்வளவு நாளாச்சு?"

"இது பவர் ஸ்டியரிங் அங்கிள். கிரீஸெல்லாம் வேண்டாம்."

"பவரு இருக்கட்டும். எங்கயாவது ஒரு இடத்துல இரும்பும் இரும்பும் உரசத்தானே செய்யும். அந்த இடம் உமக்குத் தெரியுமா?"

தெரியாது. மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதிப் பிழைப்பவன் நான். எந்த இயந்திரத்தையும் எப்படிப் பயன்படுத்துவது என்று பிறருக்குச் சொல்வேன்; நான் தொட மாட்டேன். அங்கிள் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் படகுக்குத் திரும்பினார்.

காலனியில் அவருக்கு மரியாதை கிடைப்பது மழைக்காலத்தில் மட்டும். மற்ற மாதங்களில் சிரித்துக்கொண்டே கடந்து போகிறவர்கள், மழை விடாமல் கொட்டி, முழங்கால் தண்ணீரில் தெரு மிதக்கும்போது குடையோடு வந்து, படகு நல்ல நிலையில்தானே இருக்கிறது என்று பணிவாக விசாரிப்பார்கள். ஸ்டியரிங் பிரமாதமாக இருப்பதாக அங்கிள் சொல்வார். எஞ்சின் ஓடுமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கப் பயம். மறுநாள் தண்ணீர் வடிந்துவிடும், மரியாதையும் கூடவே வடிந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரூபி ஆன்ட்டிக்கு முழங்கால் தகராறு செய்தது. படி ஏறவே கூடாது என்றார் டாக்டர். அவர்கள் வீட்டில் படுக்கையறை மாடியில். கீழே ஓர் அறை கட்டவேண்டும். அதற்கு இருந்தது ஒரே இடம். அங்கே படகு நின்றது.

படகை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது அங்கிள்தான். ஆன்ட்டி சம்மதிக்கவில்லை. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டுவைத்துக்கொண்டு, ஹைதராபாத் உருது கலந்த தன் தமிழில் சொன்னார்:

"நக்கோன்னா நக்கோ, வேணாம். மெதுவா ஏறிப்பேன், மெதுவா இறங்கிப்பேன். கைக்கு, எதுக்கு இவ்ளோ அவசரம்? பாரு தம்பி, போட்டு இல்லன்னா இவரு ஞாயித்துக்கெழம என்ன பண்ணுவாரு? என்னோடதான பேசணும். அது ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

ஆனாலும் அங்கிள் விளம்பரம் கொடுத்துவிட்டார். நகரத்துக்கு வெளியே ஏரிக்கரையில் விடுதி நடத்தும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் விபத்து நடந்தது. அதை நடத்தியவர் எதிர்வீட்டு மேஜர். ராணுவத்தில் டாங்கிகளையே பராமரித்தவர். அங்கிளுக்குப் படகைப் பிரிய மனமில்லை, பாவம் கிரீஸ் போடக்கூட கை வராது என்று அவராகவே முடிவுசெய்து, அங்கிள் பால் வாங்கப் போன நேரத்தில் நல்லெண்ணத்தோடு படகேறி, கிரீஸ் கன்னை எடுத்து, ராணுவ வீரியத்தோடு அடித்துத் தள்ளிவிட்டார்.

விஷயம் இதுதான். சக்கரத்தைத் திருப்பினால் ஓர் இரும்பு ராடு ஒரு டியூபுக்குள்ளிருந்து வெளியே வந்து மோட்டாரைத் தள்ளும். திருப்பிச் சுற்றினால் உள்ளே போய் இழுக்கும். கிரீஸ் ஏற்றுவதற்கு முன் ராடை முழுக்க உள்ளே இழுத்துவிடவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது ஏற்றினால் ராடு இருக்கவேண்டிய இடத்தையெல்லாம் கிரீஸ் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ராடு திரும்பி வர வழியிருக்காது. மேஜர் ராடை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, டியூபுக்குள் இம்மி இடம்கூட மிச்சம் வைக்காமல் நிரப்பியிருந்தார்.

பால் பாக்கெட்டோடு வந்த அங்கிள் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. சுவரைப் பிடித்துத் திருப்புவதுபோல் இருந்தது. மேஜர் அட்டென்ஷனில் நின்றார்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. அங்கிளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"விடுங்க அங்கிள். நாளைக்கு வர்றவரு திருப்பிப் பார்த்துட்டு வேண்டாம்னு போயிடுவாரு. போட் உங்ககிட்டயே இருக்கும். ஆன்ட்டிக்கும் அதுதான் ஆசை. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

அவர் ராடின் மேல் வழிந்திருந்த கிரீஸை விரலால் வழித்தார்.

"படகு எங்கிட்ட இருக்கும், சரி. ஸ்டியரிங் இப்படி இறுகிப் போயில்லா இருக்கும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரி தண்ணி குடிக்கணும்னா அவ ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்குதா வேய். நான் தூங்குதேன்னு நெனைச்சுட்டு. நான் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் படுத்துக் கெடக்கேன்."

சட்டைக் கையை மடக்கினேன். அதாவது மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அன்று முழுக்க வேலை. நட்டைக் கழற்றி, ராடை மல்லுக்கட்டி உருவி, டியூபுக்குள் அடைத்திருந்ததை வழித்து எடுத்தார். உள்ளே சுத்தம் செய்ய நீளமான பிரஷ் இல்லை. மேஜர் ஓடிப்போய், தன் பழைய துப்பாக்கியின் குழலைத் துடைக்கும் கம்பியைப் பிராயச்சித்தமாகக் கொண்டு வந்தார். அங்கிள் அதை வாங்கிக்கொண்டார். மேஜரின் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் ராடின் மேல் மெல்லிசாகக் கிரீஸ் தடவி உள்ளே செலுத்தும்போதுதான், பிடிங்க சார், என்று ஒரு முனையை அவரிடம் நீட்டினார். மேஜர் அதை விருது வாங்குவதுபோல் வாங்கினார்.

மறுநாள் விடுதிக்காரர் வந்தார். குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். அந்த மெக்கானிக் சக்கரத்தைப் பிடித்து, பழைய படகுதானே என்று பலமாக ஒரு திருப்புத் திருப்ப, அது கண்ணிமைப்பதற்குள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மோட்டார் ஊசலாடி, அவர் நிலை தடுமாறி உட்கார்ந்துவிட்டார். விடுதிக்காரர் ஒரே விரலால் திருப்பிப் பார்த்தார். இடம், வலம், மறுபடி இடம். பிறகு முதலாளியும் மெக்கானிக்கும் தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த குறைந்தபட்சத் தெலுங்கில் அதற்கு வெண்ணெய் என்று பொருள். வியாபாரம் படிந்துவிட்டது.

அங்கிள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படகை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஸ்டியரிங்குக்கு மட்டும் அவரேதான் வந்து கிரீஸ் போடுவார். விடுதிக்காரர் இதை ஏதோ இலவச சர்வீஸ் என்று எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு கைகுலுக்கினார். பிறகு கையைத் துடைக்க எதையாவது தேடினார்.

படகு டிரெய்லரில் தெரு முனை திரும்பும் வரை ரூபி ஆன்ட்டி வாசலில் நின்றார். அங்கிள் வீட்டுக்குள் இருந்தார். டீ போடப் போனாராம். அந்த டீ கடைசிவரை வரவில்லை.

கொய்யா மரத்தடியில் அறை எழும்பி, ஆன்ட்டி கீழே இறங்கி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் என் காரில் ஏரிக்கு அழைத்துப் போனேன். சர்ச்சிலிருந்து நேரே, வெள்ளைச் சட்டையோடு. அங்கிள் தண்ணீரில் நின்ற படகில் ஏறித் தன் வேலையை முடித்தார். ராடைத் துடைத்தார், உள்ளே இழுத்தார், கிரீஸ் ஏற்றினார், திருப்பிப் பார்த்தார், காதைக் கொடுத்துக் கேட்டார். அங்கே படகோட்டுகிற பையன் எஞ்சினைக் கிளப்பி, ஒரு சுற்று நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்று சைகை காட்டினான். அங்கிள் முதலில் தலையாட்டி மறுத்தார். பிறகு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஆன்ட்டி கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

"இவருக்கு ஓட்டத் தெரியுமா ஆன்ட்டி?"

"யாருக்குத் தெரியும் தம்பி. சர்வீஸ்ல ரிப்பேர் பண்ணிக் குடுத்துடுவாரு, ஓட்டுறது வேற ஆளு. கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல இவர நான் தண்ணி மேல பார்த்ததே இல்ல. ஹவ், நிஜமாத்தான்."

படகு கரையை விட்டு நகர்ந்தது. இடது பக்கம் அழகாக வளைந்தது. வலது பக்கம் அதைவிட அழகாக. உலகத்தில் எல்லாரும் முன்னால் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். அங்கிள் கழுத்தை முழுக்கத் திருப்பி, தான் சொல்வதை மோட்டார் கேட்கிறதா என்று பின்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. முன்னால் பார்க்கச் சொல்லி நான் கத்துவதற்குக் கையைத் தூக்கினேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்து இறக்கினார்.

ஏரியில் வேறு படகு எதுவும் இல்லை. அவரை அப்படியே போகவிட்டோம்.