மாமா கடையில் மாட்டிய டீவி

கடைக்கு வருகிற சனம் மாறிவிட்டது என்று சொல்லிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. கடைகளுக்கு உள் அலங்காரம் செய்கிறவன் நான். சனம் மாறினால்தான் அலமாரி மாறும், விளக்கு மாறும், எனக்கும் சோறு கிடைக்கும். அதனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக, "காலம் மாறிடுச்சு சார்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லி நான் கெடுத்த முதல் கடை, செஞ்சிக் கடைத்தெருவில் என் அக்கா வீட்டுக்காரர் நடத்துகிற ஜவுளிக்கடை.

மாமா கடையில் நாற்காலி கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் குடும்பம் மொத்தமும் உட்காரும். எதிரே மாமா சம்மணம் போட்டுக்கொண்டு புடவைகளை உதறி உதறி விரிப்பார். விரிக்க விரிக்கப் பேச்சும் விரியும். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்தச் சம்பந்தி சீரில் குறை சொன்னார் என்பதெல்லாம் அந்த மெத்தையில் வந்து விழும். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அடுத்த புடவையை எடுப்பார். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போகிறவர்கள்கூட, பஸ்ஸுக்கு நேரமிருந்தால் உள்ளே வந்து சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். (ஏதாவது வாங்குவார்களா என்று கேட்டால், மாமாவுக்கு அந்தக் கேள்வியே விளங்காது.)

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. பெண்கள் புடவையைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார்கள். பதில் வருகிறவரை காத்திருந்தார்கள். பதில் வந்ததும், "அப்பறமா வர்றோம்ணா" என்று எழுந்துபோனார்கள். கல்யாணக் கூட்டம் விழுப்புரத்துப் பெரிய கடைகளுக்கு வேன் பிடித்தது. அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ரவி, ஊருல இருக்கற கடையெல்லாம் மாத்தறியே, மாமா கடைய ஒரு தபா வந்து பாருடா."

வந்தேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். (கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.) கடை மூலையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்து, ஒரு உண்மையைக் கண்டுபிடித்தேன். இந்தக் காலத்தில் யாரும் தனியாகப் புடவை எடுப்பதில்லை. சென்னையில் இருக்கிற சித்தியும் பெங்களூரில் இருக்கிற மாப்பிள்ளையும் சேர்ந்துதான் எடுக்கிறார்கள். பாவம், உள்ளங்கை அளவு போனுக்குள் அவ்வளவு பேரும் எப்படிப் பார்ப்பார்கள்?

சுவரில் பெரிய டீவி மாட்டினேன். அதன் தலையில் கேமரா. கூரையில் மைக். நாலு மூலையிலும் ஸ்பீக்கர். பெண் வீட்டார் இங்கே, மாப்பிள்ளை வீட்டார் அங்கே, நடுவில் நல்ல வெளிச்சத்தில் புடவை. மெத்தையைச் சுருட்டிக் கிடங்கில் போட்டுவிட்டு, உயரமான ஸ்டூல்கள் சிலவற்றை வைத்தேன்.

வேலை தொடங்குமுன் மாமா வரைபடத்தைப் பார்த்திருந்தார். "மெத்தைய எடுத்துட்டா எங்க ஒக்காருவாங்க, மச்சான்?"

"நின்னு பாத்தா சீக்கிரமா முடிவு எடுப்பாங்க மாமா."

"சீக்கிரமா எடுத்துட்டு இன்னா பண்ணுவாங்க?"

வரைபடத்தை இன்னொரு முறை காட்டினேன். "மைக்க மட்டும் பாருங்க மாமா. ஜரிகை சரசரக்கறது பெங்களூருல கேக்கும்."

புதுக் கடைக்கு முதலில் வந்த கல்யாணக் குடும்பம், அனந்தபுரத்துத் தணிகாசலத்தின் குடும்பம். தணிகாசலம் கரும்பு விவசாயி. அவருடைய கல்யாணத்துக்கே மாமாவின் அப்பாதான் துணி கொடுத்திருக்கிறார். இப்போது மகள் கோமதிக்குக் கல்யாணம். கூடவே மனைவி சரோஜாவும் தங்கை கிளியம்மாவும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. அம்மா சகுந்தலாவும் அங்கேயே மகனோடு இருந்தார்.

என் போனிலிருந்து வீடியோ கால் போட்டு, டீவியோடு இணைத்தேன். சுவர் நிறைய சகுந்தலா அம்மா தெரிந்தார். மாமா, "வாங்கம்மா, வணக்கம்" என்று கை கூப்பினார். கோமதி தோளில் அரக்குப் பட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கலரு கொழந்தைக்கு நல்லா இருக்குது" என்றார் சகுந்தலா அம்மா. முகூர்த்தப் புடவை முடிந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், சின்ன வயதில் என்னை அடித்ததற்கெல்லாம் மன்னிப்பு இருந்தது.

அடுத்தது சம்பந்தியம்மாவுக்குப் பெண் வீட்டார் எடுத்துத் தரவேண்டிய புடவை. அதை அவர் கண் முன்னாலேயே எடுக்க முடியுமா? சரோஜா என் அருகில் வந்து, "தம்பி, அத செத்த நிறுத்துப்பா" என்று கிசுகிசுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ரிமோட்டை நீட்டி அழுத்தினேன். டீவி இருண்டது.

"கட் பண்ணியாச்சுங்க. இனிமே ஃப்ரீயா பேசலாம்."

நான் அணைத்தது டீவியை. கால் ஓடிக்கொண்டிருந்தது என் போனில். அது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சார்ஜில் கிடந்தது. மைக்கும் ஸ்பீக்கரும் அதோடுதான் சேர்ந்திருந்தன. இணைத்தவன் நானே.

ஃப்ரீயாகப் பேசினார்கள்.

"எத எடுத்தாலும் அந்தம்மா ஒரு குத்தம் சொல்லும் அண்ணி. நிச்சயத்துல சாம்பாரு தண்ணியா இருக்குதுன்னு சொல்லல?" என்றார் கிளியம்மா.

"அந்த நெறத்துக்கு எந்தக் கலருதான் எடுபடும், சொல்லு" என்றார் சரோஜா.

மாமா வழக்கம்போல வாயைத் திறக்காமல் அடுத்த புடவையை எடுத்தார். நானும் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் நான் படித்தவன். வாடிக்கையாளரின் சிக்கலைத் தீர்க்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"பார்டர் நல்லா பெருசா இருக்கறதா எடுங்கம்மா" என்றேன். "பாக்கறவங்க கண்ணு பார்டருக்குப் போயிடும். மொகத்துக்குப் போவாது."

எல்லாரும் சிரித்தார்கள். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும், நாலு மூலையிலிருந்தும் துல்லியமாக ஒரு குரல் வந்தது.

"எனக்குப் பெரிய பார்டர் புடிக்காது தம்பி."

கிளியம்மா உட்கார இடம் தேடினார். மெத்தை இல்லை. ஸ்டூல் எட்டவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ரிமோட்டை எடுத்து, ஏற்கெனவே அணைந்திருந்த டீவியை மறுபடியும் அணைக்கப்போனேன், அது ஒளிர்ந்துவிட்டது. சுவர் நிறைய சகுந்தலா அம்மாவின் முகம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் முடியப்போவுது. எடுக்கறத எடுத்துட்டுக் கெளம்புங்க" என்று சொல்லி அவரே காலைத் துண்டித்தார்.

யாரும் எதையும் எடுக்கவில்லை. அரக்குப் பட்டும் மேசைமேலேயே கிடந்தது. தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாமாவைப் பார்க்காமல் படி இறங்கினார். கடைசியாகப் போன கோமதி என்னிடம், "அவங்க ரொம்ப நல்லவங்கண்ணா" என்றாள். மாமா விரித்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் தணிகாசலமும் மாமாவும் பெங்களூருக்குப் பஸ் ஏறினார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ இரு. கடையப் பாத்துக்க" என்றார் மாமா. பார்த்துக்கொண்டேன். யாரும் வரவில்லை.

திரும்பி வந்த மாமா, "கல்யாணம் நடக்கும்" என்றார். கல்லாப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில், கூட்டம் பந்திக்கு நகர்ந்த நேரம் பார்த்து சகுந்தலா அம்மாவிடம் போனேன். நூல் அளவுக் கரை போட்ட ஒரு பழைய புடவை கட்டியிருந்தார். பெண் வீட்டுப் புடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அம்மா, அன்னிக்கி கடையில அப்பிடிப் பேசினது நான்தான்."

"தெரியும்பா. உங்க மாமா வூட்டுக்கு வந்து, தாந்தான் சொன்னதாச் சொன்னாரு. வணக்கம் சொன்ன கொரலும் எனக்குத் தெரியும், பார்டரு சொன்ன கொரலும் தெரியும்."

"அப்பறம் ஏம்மா அவர ஒண்ணும் கேக்கல?"

"வயசுல பெரியவரு. வாசப்படியிலயே தலகுனிஞ்சு நிக்கறாரு. பொய் சொல்றீங்கன்னு சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வெக்கணுமா?"

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார். "நெறத்தச் சொல்றதெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு தம்பி. மொகத்த யாரும் பாக்காம இருந்தா தேவலன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. போ, போயி சாப்டு."

சாப்பிடாமல் மாமாவைத் தேடிப் போனேன். "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லி? நீ இன்னும் எத்தினியோ கடைக்கு வேல பாக்கணும், மச்சான். எனக்கு இருக்கறது ஒரு கடை. விடு."

அந்தச் சமாதானம் எவ்வளவு தப்பு என்பது பிறகு தெரிந்தது. அன்று கடையில் கூட இருந்து கேட்டவர்களும் மாமா சொன்னதையே சொன்னார்கள். காலமெல்லாம் வாயைத் திறக்காதவர் என்று பெயரெடுத்த மனிதர், அனந்தபுரம் பக்கம் வாய்த்துடுக்குக்காரர் ஆகிப்போனார். டீவி அக்கா வீட்டுக்குப் போனது. மெத்தை திரும்பி வந்தது. சனமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனால் உட்கார்ந்ததும் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். விலையைக் கேட்பார்கள், எடுப்பார்கள், போவார்கள். வீட்டுக் கதை எதையும் யாரும் சொல்வதில்லை. மாமா விரிக்கிற புடவையின் சத்தம் மட்டும் கேட்கும்.

இப்போது நான் எந்தக் கடைக்கு வேலை செய்தாலும் ஒரு மூலையில் கேமராவும் திரையும் இல்லாமல் உட்காருவதற்கு இடம் விடுகிறேன். முதலாளிகள், இது எதற்கு வீணாக என்று கேட்பார்கள். "பேசறதுக்கு சார்" என்பேன். பாதிப் பேர் அதை ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை. மாமா சொன்னதாகத்தான் சொல்வார்கள். நான் திருத்தப்போனால், "மாமாவுக்குப் பரிஞ்சிக்கினு வந்துட்டான் பாரு" என்று இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். போன பொங்கலுக்கு அக்காவின் பேத்தி, இலை முன்னால் உட்கார்ந்தபடி, "தாத்தா, நெஜமாவே நீ அப்பிடிச் சொன்னியா?" என்று கேட்டாள்.

மாமா என் பக்கம் திரும்பாமல், "ஆமாண்டா கண்ணு. வாய் தவறி வந்துடுச்சு" என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்தவன் நான். அவர் இலையில் பாயசம் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவருக்குச் சர்க்கரை நோய் என்று அக்கா உள்ளேயிருந்து கத்தியபோது, மாமா அதைப் பாதிக்குமேல் சாப்பிட்டுவிட்டிருந்தார்.