இருபத்தெட்டாம் இலக்கப் பிசாசு

ஜெனிஸ்டன் கிற்றாரைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிரியந்தனை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"மச்சான், இந்தப் பாட்டில சொல்லெல்லாம் இருக்குதா?"

"பின்ன? ஒன்பது வருஷமா நான் கொட்டாவியா விட்டனான்?"

பிரியந்தன் காலையிலிருந்தே எரிச்சலில் இருந்தான். 'நரபலி' என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாடகன் அவன். பாட்டு எழுதுகிறவனும் அவனே. கிழமை நாட்களில் பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் 'மதிப்புக்குரிய ஐயா' என்று கடிதம் எழுதுகிறவன், சனி ஞாயிறில் தொண்டை கிழிய உறுமி ஏதோ கொஞ்சம் மானத்தோடு வாழ்ந்துவந்தான். அதற்கும் ட்ரம் அடிக்கிற ஸ்ரனிஸ்லாஸின் காது ஆப்பு வைத்தது. ஒரு வருஷத்துக்குப் பெரிய சத்தமே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அடுத்த அல்பம் கரண்ட் இல்லாத கிற்றாரோடு மெல்லிசையாக வரும் என்று, இரண்டுக்கு ஒன்று வாக்கில், முடிவாயிற்று. அந்த ஒன்று யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஸ்ரனிஸ்லாஸ் இப்போது ஒரு பிஸ்கட் தகர ரின்னை மடியில் வைத்து, குழந்தைக்கு முதுகு தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொருக்கா பாடு," என்றான் ஜெனிஸ்டன்.

பிரியந்தன் உறுமாமல் பாடினான்.

*இருபத்தெட்டாம் இலக்கப் பிசாசே*
*தொட்டியைப் பூட்டும் பிசாசே*
*பத்து மணிக்கே கேற்றைச் சாத்துவாய்*
*உன் சாரத்தில் தீ வைப்பேன்*

பயிற்சி நடக்கும் கராஜின் கூரையை ஸ்ரனிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"இருபத்தெட்டு இந்த வீடுதானே?" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

"ஓம்."

"அப்ப பிசாசு?"

"வெள்ளவத்தையில தண்ணித் தொட்டிக்கு மூண்டு பூட்டுப் போடுற மனுசன் வேற ஆர்?"

வீட்டுக்காரர் இரத்தினசிங்கம் நேர் மேல்மாடியில் இருந்தார். கொட்டாஞ்சேனை தொடங்கிக் களனிவரை எட்டு இடத்தில் துரத்தப்பட்ட குழுவுக்கு இந்தக் கராஜைக் கொடுத்தவர் அவர்தான். ஒன்பது வருஷத்தில் சத்தம் என்று ஒருநாள்கூட வாய் திறந்ததில்லை. அவருக்குக் காது மந்தம் என்று பிரியந்தன் தானாகவே முடிவுகட்டியிருந்தான். இந்தக் கராஜும் போனால் 'நரபலி'க்குக் கொழும்பில் வேறு கூரை கிடையாது.

"இவ்வளவு நாளும் சத்தத்துக்குள்ள ஒளிச்சிருந்தது மச்சான். இப்ப அம்மணமா நிக்குது. மாத்து," என்றான் ஜெனிஸ்டன்.

"மாத்தேலாது. இது என்ர கலை."

"கலையைக் காலி வீதியில வச்சா செய்யப்போறாய்?"

இலக்கத்தை மட்டும் மாற்றப் பிரியந்தன் சம்மதித்தான். இருபத்தெட்டு முப்பதாயிற்று. முப்பதில் யார் இருக்கிறார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. மெட்டுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்தான்.

மூன்றாம் தரம் பாடும்போது மதிலுக்கு மேலால் ஒரு மூக்குக்கண்ணாடி எழும்பியது. பக்கத்து முப்பதாம் இலக்கத்துச் சட்டத்தரணி, லோயர் சிவபாலன்.

"தம்பி, நான் தொட்டியைப் பூட்டுறது உண்மைதான். காகம் வந்து குளிக்குது. அதுக்காக என்னைப் பிசாசு எண்டு பாடலாமோ?"

"அங்கிள், இது உங்களை இல்லை. பொதுவா..."

"என்ர வீட்டு நம்பரைச் சொல்லிப்போட்டு என்ன பொது? அந்த நாலாவது வரி, சாரத்தில தீ வைப்பேன் எண்டது, அதுக்குத் தனியா ஒரு கடிதம் வரும். நான் இடுப்பில சாரம் கட்டுறனான் எண்டு இந்த லேனுக்கே தெரியும்."

மூக்குக்கண்ணாடி இறங்கியது. பிரியந்தனுக்கு இது அநியாயமாகப் பட்டது. உறுமிய காலத்தில் எவனும் கடிதம் அனுப்பவில்லை. அழகாகப் பாடினால் வழக்குப் போடுகிறார்கள்.

"ஆக்களே வேண்டாம். ஒருத்தருக்கும் நோகாத மாதிரி எழுது," என்றான் ஜெனிஸ்டன்.

"ஒருத்தருக்கும் நோகாட்டி அது மெட்டலே இல்லை."

"இப்ப பிஸ்கட் ரின்தானே அடிக்கிறம்."

பிரியந்தன் பேனையை எடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, எத்தனை குறைவாக வெட்டலாமோ அத்தனை குறைவாக வெட்டினான். மெட்டில் ஒரு சுரத்தையும் தொட விடவில்லை. முடிவில் இப்படி நின்றது:

*இருக்கும் இடமெல்லாம் பெருமானே*
*தொட்டியைக் காக்கும் பெருமானே*
*பத்து மணிக்கே நடை சாத்துவாய்*
*உன் பாதத்தில் தீபம் வைப்பேன்*

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால், கராஜ் வாசலில் இரத்தினசிங்கத்தாரின் மனைவி ஜெகதீஸ்வரி கும்பிட்டபடி நின்றார்.

"தம்பி, நீங்கள் இவ்வளவு நாளும் பேய்ப்பாட்டுப் பாடுறியள் எண்டெல்லோ நான் நினைச்சனான். தொட்டியெண்டது தெப்பக்குளத்தைத்தானே?"

பிரியந்தன் வாயைத் திறந்தான். ஸ்ரனிஸ்லாஸ் அவன் காலை மிதித்தான்.

"ஓம் அன்ரி," என்றான் பிரியந்தன்.

"முருகப்பெருமானை எவ்வளவு உருக்கமாக் கூப்பிடுறியள். வாற ஞாயிறு அங்கிளுக்கு எழுபத்தஞ்சு. மகள் சுபோதினியும் லண்டனில இருந்து வாறாள். மொட்டைமாடியில நீங்கள் வந்து இதைப் பாடவேணும். மாட்டன் எண்டு மட்டும் சொல்லக்கூடாது."

அவர் போனதும் பிரியந்தன் பிஸ்கட் ரின்னை உதைத்தான்.

"நரபலி பஜனை பாடுறதோ? மண்டையோடு போட்ட ரீசேட்டோட?"

"அதை நீ போடவேண்டாம்," என்றான் ஜெனிஸ்டன். "என்னட்ட வெள்ளைச் சேட் ஒண்டு இருக்கு. சேர்ச்சில பூசைக்குப் போறது."

ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் வெள்ளைச் சேட்டில் மொட்டைமாடியில் நின்றார்கள். படியிலேயே ஜெகதீஸ்வரி நெற்றியில் விபூதி பூசிவிட்டார், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரான மற்ற இருவருக்கும் சேர்த்து. முன்வரிசையில் இரத்தினசிங்கம் பட்டு வேட்டியோடு விறைப்பாக இருந்தார். பக்கத்தில் லோயர் சிவபாலன், ஒவ்வொரு வரியையும் அளப்பதற்கென்றே வந்தவர்போல.

மெட்டுத் தொடங்கியதும் இரத்தினசிங்கத்தின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. கால்கூடத் தாளம் போட்டது. முதல் வரி வந்ததும் கால் நின்றது. இரண்டாம் வரியில் புருவம் சுருங்கியது. நாலாம் வரியில் எழும்பி, ஒருவரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கீழே கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் மேலே எல்லோருக்கும் கேட்டது.

விருந்தினர் கைதட்டினார்கள். சிவபாலன்கூடத் தட்டினார். பிரியந்தனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டார் மச்சான்," என்றான் ஜெனிஸ்டன். "மெட்டை வச்சுக் கண்டுபிடிச்சிட்டார். கராஜ் போச்சுது."

"இவ்வளவு மானங்கெட்டும் போச்சுதே," என்றான் பிரியந்தன். "போறதெண்டால் உறுமிப்போட்டாவது போயிருக்கலாம்."

மூவரும் கராஜுக்குள் இறங்கிச் சாமான் கட்டத் தொடங்கினார்கள். வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது சுபோதினி மூன்று தட்டில் கேக்கோடு வந்தாள். வீட்டுப் பிள்ளைக்குரிய உரிமையோடு எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க போறியள்?"

"அப்பா சொல்லி அனுப்பினதைச் சொல்லுங்கோ," என்றான் பிரியந்தன். "எப்ப கராஜ் பூட்டின்ர திறப்பைத் தரவேணும்?"

"திறப்போ? அவர் கேக்கும் வெட்ட மாட்டாராம், கதவும் திறக்க மாட்டாராம்." அவள் தட்டுகளை ஸ்பீக்கருக்கு மேல் வைத்தாள். "ஒன்பது வருஷமா 'அந்த இருபத்தெட்டாம் இலக்கப் பிசாசு நான்தான்' எண்டு லண்டனில எங்கட சொந்தக்காரர் எல்லாருக்கும் ஃபோனில உறுமிக் காட்டின மனுசன் அண்ணா, அவற்ர பாட்டைத் தூக்கி முருகனுக்குக் குடுத்திட்டியளே."