போன் கவருக்குள்ள ஒரு மோட்டர்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கடத்தூர் போய் குக்கருக்கு ரப்பர் வாங்கிட்டு வரணும்.

அவ்ளோதான்! அதுக்கு முன்னாடி நான் ஆன்லைன்ல என்.எஃப்.சி டேக் வாங்காம இருந்திருந்தா, இந்தப் போஸ்டே எழுதியிருக்க மாட்டேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். அது வட்டமா, வெள்ளையா ஒரு ஸ்டிக்கர். பேட்டரி கெடையாது. லாக் எடுத்த போனை அது மேல வச்சா, நாம முன்னாடியே செட் பண்ணி வச்ச வேலையை போன் தானா செய்யும். கட்டில்ல ஒண்ணு ஒட்டினேன், அலாரம் வைக்கும். பீரோ பக்கத்துல ஒண்ணு, பாட்டு போடும். ஒரே கொண்டாட்டம்!

எங்க போர் மோட்டர்ல சிம் போட்ட ஸ்டார்ட்டர் இருக்குது. ஒரு மெசேஜ் போனா ஓடும், அடுத்த மெசேஜ் போனா நிக்கும். அந்த மெசேஜ் அனுப்பற வேலையை ஒரு டேக்குக்குக் குடுத்து, சமையக்கட்டுச் சுவத்துல ஒட்டிட்டேன். டொக்குனு போனை வச்சா, களத்தை ஒட்டின காட்டுல ரெயின் பைப் மழை மாதிரி பீச்சி அடிக்குது!

மாமியார் கிட்ட பெருமை வேற. "அத்தை, இனிமே ஸ்டார்ட்டர் பெட்டியை யாரும் தொடவே வேணாங்க."

சொன்னதோட விட்டேனா? பெட்டியைப் பூட்டி சாவியை என் ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டேன்.

"என்னமோ பண்ணும்மா. களத்துல ராகி காயுது. உன் நாத்தனா வூட்டுக்கு அனுப்பற ராகி. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது, ஆமா"ன்னாங்க.

"படாதுங்க அத்தை. மோட்டர் என் கையில இருக்குது."

கெளம்பற நேரத்துல பாத்தா, சுவத்து டேக் சுண்ணாம்போட பேந்து கீழ கெடக்குது. தொலைஞ்சிடக் கூடாதே! நம்மாளுங்க ஒரு பொருளைப் பத்திரமா எங்க வைப்பாங்க? போன் கவருக்குப் பின்னாடி. அங்க ஏற்கெனவே குலசாமி படம், மடிச்ச நூறு ரூவா, எப்பவோ வாங்கின பஸ் டிக்கெட். அதுங்களோட இதையும் சொருகிட்டு பஸ் ஏறிட்டேன்.

சீட்டு கெடச்சதும் லாக் எடுத்து ஒரு வீடியோ பாத்தேன். போனை உள்ள வச்சேன். அஞ்சே நிமிசம், அத்தை கூப்பிட்டாங்க.

"ஏம்மா, மோட்டரை நீ போட்டியா?"

"இல்லைங்களே அத்தை."

"அப்ப ராகி மேல மழை எங்கேருந்து பேயுது?"

சீட்டுல இருந்து எழுந்தே நின்னுட்டேன்.

"தார்ப்பாயைப் போட்டு மூடுங்க அத்தை. நான் இங்கேருந்தே நிறுத்தறேன்!"

லாக் எடுத்து, மெசேஜ் டைப் பண்ணி அனுப்பினேன். பக்கத்து சீட்டு அம்மாவைப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

மறுபடி போன். "நின்னுச்சேன்னு தார்ப்பாயைத் தூக்கினேன். திரும்பப் பீச்சி அடிக்குதும்மா!"

திரும்ப லாக் எடுத்தேன், திரும்ப மெசேஜ் அனுப்பினேன். திரும்ப அத்தை. "நிக்குது, தூக்கறேன், அடிக்குது! என்னை வச்சு வெளையாடறியா?"

இப்படி நாலு தடவை! பஸ்ஸே எங்க கதையைத்தான் கேட்டுக்கிட்டு வருது.

பக்கத்து சீட்டு அம்மா சொன்னாங்க: "மோட்டருக்குக் கண்ணு பட்டிருக்கும். எலுமிச்சம்பழம் சுத்திப் போடு."

கண்டக்டர் கேட்டாரு: "சிம்முல ரீசார்ஜ் இருக்குதுங்களா?"

இருக்குதுங்க சார். அது இருக்கறதுதான் இப்ப பிரச்சனையே!

அத்தை மறுபடி. "பெட்டியில நிறுத்தலாம்னா பூட்டு தொங்குது. சாவி எங்க?"

ஹேண்ட்பேக்கைத் தொறந்தேன். பளபளன்னு கெடக்குது.

"பக்கத்துலதாங்க அத்தை இருக்குது."

"யாரு பக்கத்துல?"

"என் பக்கத்துலங்க."

அதுக்கப்புறம் அத்தை பேசினதை இங்க எழுத முடியாது.

கடத்தூர்ல எறங்கி பாத்திரக்கடைக்கு ஓடினேன். பதட்டத்துல போனை மேசை மேல வச்சுட்டு ரப்பரைக் கேட்டேன். கடைக்காரர் போனையே பாத்தாரு.

"ஏங்க, கவருக்குள்ள இவ்ளோ அடைச்சு வச்சா போன் சூடாகாதுங்களா?"

திருப்பிப் பாத்தேன். குலசாமி படத்துக்குப் பக்கத்துல, வட்டமா, வெள்ளையா...

அட கடவுளே! நான் லாக் எடுக்கற ஒவ்வொரு தடவையும் இந்த டேக் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கு. வீடியோ பாக்க எடுத்தேனே, அப்பவே மோட்டர் ஓடிடுச்சு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அது நிறுத்தியிருக்கு, நான் மெனக்கெட்டு டைப் பண்ணி ஓட விட்டிருக்கேன்!

டேக்கைப் பிடுங்கி பைக்குள்ள போட்டேன். ஒரே ஒரு மெசேஜ்.

அத்தை கூப்பிட்டாங்க. "நின்னுச்சு. ஆனா நீ வூடு வந்து சேர்ற வரைக்கும் நான் தார்ப்பாயைத் தூக்க மாட்டேன்."

வூட்டுக்கு வந்தா, கால்வாசி ராகி ஊறிப் போய் கெடக்குது. அத்தை முகத்தைப் பாக்கவே முடியலை. வாயைத் தொறந்தா அழுதுடுவேன்.

"திட்டிடுங்க அத்தை."

"திட்டினா காஞ்சிடுமா? போய் வெள்ளைத் துணி எடுத்துட்டு வா."

ஈர ராகியைக் கழுவி, துணியில கட்டித் தொங்க விட்டாங்க. முளை வந்துச்சு. காய வச்சு, வறுத்து, மிஷின்ல அரைச்சாச்சு. பாதியை நாத்தனா வூட்டுக்கு நல்ல ராகியோட அனுப்பிட்டோம்.

அன்னிக்கே நாத்தனா போன். "அண்ணி, கொழந்தைக்கு முளைகட்டின மாவு வேணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"சும்மா, தானா தோணுச்சு"ன்னேன். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குது. சிரிப்பு!

மீதி மாவை ஒரு எவர்சில்வர் டப்பாவுல கொட்டினாங்க. "சாதா மாவோட கலந்துடும். அடையாளம் வேணும். அந்த ஸ்டிக்கரைக் குடு"ன்னு வாங்கி டப்பா மேல பளிச்சுனு ஒட்டினாங்க.

"எவர்சில்வர் மேல ஒட்டினா அது வேலை செய்யாதுங்களே அத்தை"ன்னேன்.

"அதுக்குத்தாம்மா ஒட்டறேன்."