கண்ணாடி இழையைக் கட்டிவைத்த காதை

வாழ்க வீரர்! முப்பத்தோராண்டுக் காலம் பார்சல் அலுவலகத்தின் பின்கட்டில் வீற்றிருந்து, பெட்டியென்றும் மூட்டையென்றும் பேதம் பாராமல் வந்தவற்றையெல்லாம் சணலால் இறுக்கி, இறுக்கியதை மேலும் இறுக்கி, பெற்றுக்கொண்டவர் எவராயினும் பிரிக்க முடியாமல் கத்தி தேடி ஓடும்படி செய்த கட்டுக்கலைக் கொற்றவர், தளர்ச்சியின் பகைவர், தொங்குவன அனைத்தின் காலன், சக ஊழியர்களால் பாதி அன்போடும் பாதி கடுப்போடும் ‘முடிச்சார்’ என்று அழைக்கப்பட்ட பெருந்தகை, ஓய்வு பெற்று ஈராண்டாகியும் மேசை இழுப்பறையில் சணல் உருண்டையைப் பொன்னைப் போலப் பூட்டிக் காத்துவரும் அந்த மாவீரர் வாழ்க! அவர் ஒருநாள் மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையே பட்ட பாட்டையே இங்கு சொல்லப் புகுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவருக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

கேளுங்கள், கண்ணாடி இழை அவ்வூர் புகுந்த வரலாற்றை! ‘இல்லந்தோறும் அதிவேக இணையம்’ என்று பலகை வந்து மூன்றாண்டு கழித்துக் குழி வந்தது. குழி வந்து ஓராண்டு கழித்துக் குழாய் வந்தது. குழாயைப் புதைத்து, மண்ணை மூடி, மண்மேல் சாலையும் போட்ட பின்னர், குழாய்க்குள் இழையைச் செருக மறந்துவிட்டது யாருக்கோ நினைவு வரவே, மறுபடியும் குழி வந்தது. திறப்பு விழாக்கள் மட்டும் ஒருநாளும் தாமதிக்காமல் இருமுறை நடந்தன. இருமுறையும் நாடா வெட்டிய பெருமக்கள் காரில் ஏறிப் போக, இணையமும் அவர்களோடே பின்சீட்டில் ஏறிப் போய்விட்டது. கடைசியில் ‘குழியே வேண்டாம் சாமி’ என்று கம்பங்களின் மேலாக இழுத்துவந்து சேர்த்தார்கள்.

அதுகாறும் அவ்வூரின் படக்காட்சி முழுவதையும் தனியொரு குடைக்கீழ் ஆண்டவர் கேபிள்காரர். மொட்டைமாடியில் மூன்று பெருந்தட்டுகளை வான்நோக்கி நிறுத்தி, அவற்றினின்று கறுப்பு வயர்களை மரத்துக்கு மரம், கூரைக்குக் கூரை இழுத்து, ஊரையே துணி காயப்போடும் கொடியாக்கி வைத்திருந்த அவரது ஆட்சியில், மழை பெய்தால் படம் போகும், காற்றடித்தால் குரல் போகும், கேபிள்காரருக்குக் கோபம் வந்தால் இரண்டும் போகும். இத்தகைய பேரரசர் வேறு யாருமல்லர், முடிச்சாருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பகை இதனால் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

இனி அம்மனைவியாரைச் சொல்ல வேண்டும். ஆறாண்டுகளாக, வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழிலிருந்து ஏழரை வரை, அவர் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வந்தார். செய்யாத திருட்டுக்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட மூத்த மருமகள் ஒருத்தி, நகையை எடுத்தது தான் அல்ல என்று மெய்ப்பிக்க ஆறாண்டாக அழுதுகொண்டிருந்த தொடர் அது. அழுகை பெரிதல்ல. விடிந்ததிலிருந்து ‘அது எங்கே, இது எங்கே’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் வீட்டில், அந்த அரைமணி நேரம் மட்டும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. முடிச்சாரும் கேட்கமாட்டார். மணவாழ்வில் அவர் தவறாமல் காத்த ஒரே ஒப்பந்தம் அதுதான்.

சென்ற வாரம், மூத்த மருமகளின் மாமியார் நகைப்பெட்டியைத் திறந்து ‘உண்மையில் இதை எடுத்தது…’ என்று வாயெடுத்த அக்கணத்தில் வானம் இடித்தது, மழை கொட்டியது, மாமியாரின் முகம் சதுரஞ்சதுரமாகச் சிதறித் திரையெங்கும் பறந்தது. மனைவியார் டிவியை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். திட்டியிருந்தால் முடிச்சாருக்குத் தேவலாமாய் இருந்திருக்கும். குடையுமின்றி மைத்துனர் வீட்டு வாசலில் போய் நின்று முழங்கினார்.

“மழைன்னா அப்படித்தான் மாமா இருக்கும். மேகத்தை நானா கூப்பிட்டேன்?” என்றார் கேபிள்காரர்.

“அப்படியா மாப்ளே? இன்னைக்குச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்க! என் வீட்டுக்காரி கடைசி எபிசோடை என் வீட்டு டிவியிலதான் பார்ப்பா. அதுக்காக உன் வாசப்படியை எங்க வீட்டு ஆளுங்க யாராவது மிதிச்சா, அன்னைக்கே சணல் உருண்டையைத் தொடறதையே விட்டுடறேன்!”

தெருவே கேட்டது அச்சபதத்தை. சொன்னதோடு நில்லாமல், தம் வீட்டுச் சுவரில் ஓடிய கறுப்பு வயரைப் பிடுங்கி, சுருட்டி, சணலால் இரட்டைச் சுருக்குப் போட்டு இறுக்கி, மைத்துனர் வாசலில் எறிந்துவிட்டு வந்தார். திரும்பிப் போகும் வழியை அவர் தம் கையாலேயே கட்டி முடித்திருந்தார்.

கடைசி எபிசோடு நாளும் வந்தது. நண்பகலில் இணைப்புக்காரர் ஏணியோடு வந்து, கம்பத்திலிருந்து மெல்லிய இழையை இழுத்து, சன்னல் வழியே உட்செலுத்தி, தொலைக்காட்சிக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பச்சை விளக்குகள் வரிசையாகக் கண்திறந்தன. படம் வந்தது பாருங்கள், செய்தி வாசிப்பவரின் மூக்கின்மேலிருந்த மருகூடத் தெரிந்தது! மிஞ்சிய இழையை இணைப்புக்காரர் வளையம் வளையமாகச் சுற்றி, தளரத் தளர ஓர் ஆணியில் மாட்டினார்.

“சார், மிச்சம் பதினஞ்சு மீட்டர் இருக்கு. இப்படியே லூசா தொங்கட்டும். மடக்காதீங்க, இறுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு விரைந்தார்.

அந்தோ! யாரிடம் எதைச் சொன்னாய், இணைப்புக்காரா! மீனிடம் நீந்தாதே என்றாயே! முடிச்சார் பகல் முழுதும் பொறுத்தார். மின்விசிறிக் காற்றில் அவ்வளையங்கள் ஆடின. அவர் பார்வையை வேறுபுறம் திருப்பினார். மறுபடி ஆடின, பல்லைக் கடித்தார். ஐந்து மணிக்குத் தேநீர் குடித்து முடித்ததும் அவருடைய கை அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. இழுப்பறை திறந்தது, சணல் சீறி வெளிப்போந்தது. பதினைந்து மீட்டரையும் ஒரு சாண் நீளத்துக்கு மடக்கி, நடுவே நான்கு சுற்றுச் சுற்றி, முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்து, ஈன்றெடுத்தவளே வந்தாலும் அவிழ்க்கவொண்ணா இரட்டைச் சுருக்கையிட்டு, கட்டை டிவிக்குப் பின்னே செருகி, கையைத் தட்டிக்கொண்டார். இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருந்தது.

ஐந்தரைக்கு மனைவியார் வேலையெல்லாம் முடித்து, முகம் கழுவி, தலை சீவி, நாற்காலியில் வந்தமர்ந்து டிவியைப் போட்டார். திரை கறுத்துக் கிடந்தது. வெள்ளைப் பெட்டியில் ஒற்றைச் சிவப்பு விளக்கு விழித்து விழித்து மூடியது.

“ஏங்க, சிவப்பா எரியுதே, அது நல்லதுக்கா?”

“அது… சூடாகுது. கொஞ்சம் பொறு.”

தொடங்கியது போர்! பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போட்டார் வீரர். சிவப்பு. ஏழுமுறை அணைத்து ஏழுமுறை போட்டார். சிவப்பு. ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டினார், அவற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை அறியாமல். டிவியின் தலையில் உள்ளங்கையால் இரண்டு வைத்தார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கம்பத்தை முறைத்தார். கம்பம் சும்மா நின்றது.

பின்னர் வாடிக்கையாளர் சேவையை அழைத்தார். இன்னிசை எழுந்தது, இன்னிசையின் நடுவே ஒரு மங்கை, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகமிக முக்கியமானது’ என்று பதினெட்டு நிமிடம் திருப்பித் திருப்பிப் பிரகடனம் செய்தாள். பத்தொன்பதாம் நிமிடம் ஓர் இளைஞன் தோன்றி, பெட்டியை அணைத்துப் போடச் சொன்னான். எட்டாம் முறையும் அணைத்துப் போட்டார். “புகார் பதிவாயிடுச்சு சார், நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?” என்றான் அவன். அதற்கு முடிச்சார் மொழிந்த விடை அச்சிலேறத் தக்கதன்று.

மணி ஆறு இருபது. மனைவியார் எழுந்தார்.

“ஆறேமுக்காலுக்குள்ள வரலேன்னா நான் தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கறேன். நீங்க சாவகாசமா சரி பண்ணுங்க.”

‘சாவகாசமா’ என்ற அந்த ஒரு சொல் நெஞ்சில் தைத்தது. ஊர் சிரிக்கும் என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஆறாண்டு காத்திருந்தவள், தம் வீட்டு நாற்காலியை விட்டு, அடுத்தவர் வீட்டு ஓரத்தில் உட்கார்ந்து, அங்குள்ளவர்களின் பேச்சுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அந்த முடிவைப் பார்க்கவேண்டும், அதுவும் தம்மால். “எங்கேயும் போகாதே, கம்பத்தைப் பார்த்துட்டு வரேன்” என்று பொய்யுரைத்து, செருப்பை மாட்டி, எந்த வாசலை மிதிப்பதில்லையென்று முழங்கினாரோ அவ்வாசலை நோக்கி நடந்தார்.

கேபிள்காரர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய திரை. திரையில், கடைசி நாளென்பதால் முன்கூட்டியே ஓடிய, மூத்த மருமகளின் முன்கதைச் சுருக்கம். அவளுடைய கண்ணீர்த் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அத்தனை துல்லியம்! கறுப்பு வயரின் வழியே இப்படியொரு படம் வருமா? முடிச்சாரின் கண்கள் திரைக்குப் பின்னால் ஊர்ந்தன. அங்கே, ஆகா, அங்கே வீற்றிருந்தது ஒரு வெள்ளைப் பெட்டி! வரிசையாகப் பச்சை விளக்குகள்!

கேபிள் அரசர் துள்ளியெழுந்து தோள் துண்டை எடுத்துப் பெட்டியின்மேல் போட்டார். பச்சை துண்டையும் மீறி எரிந்தது.

“மாப்ளே! என்னடா இது?”

“மாமா… அது வந்து… மழை வந்தா நம்ம கேபிள்ல ஒண்ணும் தெரியமாட்டேங்குது மாமா. வீட்ல இவ உயிரை வாங்கறா. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மானமே போயிடும்.”

வென்றேன் என்று கூவியிருக்க வேண்டிய கணம் அது. ஆனால் வீரரின் பார்வை பெட்டியை விட்டு, பக்கத்து ஆணிக்குப் போய்விட்டது. அங்கே மிஞ்சிய இழை வளையம் வளையமாக, தளரத் தளர, அசிங்கமாக, உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே மூலையில், அவர் சென்ற வாரம் எறிந்த கறுப்பு வயர்க்கட்டு அவிழ்க்கப்படாமலே கிடந்தது. தொங்குவதைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“மாப்ளே, அந்த மிச்ச வயரை… இறுக்கிக் கட்டினா என்ன ஆகும்?”

கேபிள்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஐயோ மாமா! உள்ள ஓடறது வெளிச்சம். கழுத்தை நெரிச்சா அது எப்படிப் போகும்?”

அக்கணமே இரு வேந்தர்க்கும் உடன்படிக்கை ஏற்பட்டது: கட்டைப் பற்றி அவர் சொல்வதில்லை, பெட்டியைப் பற்றி இவர் சொல்வதில்லை. இருவரும் ஓடினார்கள். ஆறே முக்காலுக்கு வீட்டு வாசலை எட்டியபோது மனைவியார் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நானே வந்துட்டேன்! அஞ்சு நிமிஷம் குடு. ஒரு டீ போடேன்” என்றார் தம்பி, மூச்சிரைக்க.

மனைவியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

பின்னரே நிகழ்ந்தது பெரும்போர். தம் கட்டைத் தாமே எதிர்கொண்டார் முடிச்சார்! முப்பத்தோராண்டில் எவனும் அவிழ்த்தறியாத இரட்டைச் சுருக்கு, தன்னைப் போட்ட விரல்களுக்கும் மசியவில்லை. நகம் பெயர்ந்தது, பல் கூசியது. கத்தரிக்கோலோ அடுக்களையில், பகைப்புலத்தின் நடுவே. கத்தியை வைத்தால் சணலோடு இழையும் போகும். நேரம் ஆறு ஐம்பத்திரண்டு. அப்போது மைத்துனர் தம் சாவிக்கொத்திலிருந்து நகவெட்டியை உருவி நீட்டினார். ஒருவர் கைப்பேசி விளக்கைப் பிடிக்க, மற்றவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சணலின் நாரை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக நறுக்கினார். “மெதுவா மாமா, மெதுவா…” “நீ வாயை மூடு, விளக்கை நேராப் பிடி.” கடைசி நார் அறுந்தது. பதினைந்து மீட்டரும் பெருமூச்சுவிட்டு விரிந்து தரையில் பரவியது. சிவப்பு மறைந்தது. ஒரு பச்சை, பிறகு இன்னொரு பச்சை.

தேநீரோடு மனைவியார் வந்தபோது, மூத்த மருமகள் திரைமுழுதும் நிறைந்து நின்றாள். இரு வீரரும் டிவிக்கு இருபுறமும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள்.

“என்னடா ஆச்சு?”

“கம்பத்துல கோளாறுக்கா. மாமாதான் கண்டுபிடிச்சார்.”

“அப்படியா” என்றார் அவர். தரையில் சிதறிக்கிடந்த சணல் துணுக்குகளைக் காலால் ஓரந்தள்ளிவிட்டு, தம் நாற்காலியில் அமர்ந்தார். “உன் வீட்டுப் பெட்டியில நல்லா வருதில்ல? சரி, பேசாம உட்காருங்க, ஆரம்பிச்சிடுச்சு.”

அரைமணி நேரம் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நகையை எடுத்தவன் வீட்டு மூத்த மகனே என்று தெரிந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், முடிச்சாரும் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கதிரவன் எழுந்தான். சன்னலூடே பாய்ந்த பொற்கதிர்கள் ஆணியில் மீண்டும் மாட்டப்பட்டிருந்த வளையங்களின்மேல் படர, மின்விசிறிக் காற்றில் அவை முன்போலவே நாணமின்றி ஆட, கண்ட வீரரின் குருதி கொதித்தது. சபதத்தையும் சிவப்பு விளக்கையும் நகவெட்டியையும் ஒருங்கே மறந்து, மூட்டைகளின் வேந்தர், தளர்ச்சியின் பகைவர், முப்பத்தோராண்டுத் தழும்பேறிய தம் வலக்கையை ஓங்கி நீட்டி, மேசை இழுப்பறையை விசையோடு திறந்தார்.

சணல் உருண்டையைக் காணோம்.