சந்தனம் வைத்த வயர்லெஸ்

அரசு வாகனத்தில் வயர்லெஸ் கருவி பொருத்துவதானால் அதற்கென நியமிக்கப்பட்ட தொழில்நுட்பப் பணியாளர் மட்டுமே பொருத்த வேண்டும்; வாகனத்தின் மின் இணைப்புகளில் வேறு எவரும் கைவைக்கலாகாது. விதி இதுதான். (விதியின் எண்ணும் எனக்கு மனப்பாடம். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.) வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் விதியை மீறாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். மீறியது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையை மூன்று தாலுகா கேட்டது.

அப்போது நான் திருத்துறைப்பூண்டியில் துணை தாசில்தார். ஆட்சி மாறி, கோப்புகளில் ‘ஸ்ரீ’ போய் ‘திரு’ வந்த புதிது. சம்பா அறுவடை நெருங்கினாலே தகராறுதான். கூலியைக் கூட்டித் தராமல் அரிவாள் எடுக்க மாட்டோம் என்று ஒரு பக்கம். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்கிறோம் என்று மறுபக்கம். நடுவில் வேட்டியும் வியர்வையுமாக நான். பதற்றமான கிராமங்களுக்குப் போகும் ஜீப்பில் வயர்லெஸ் இருக்க வேண்டும், அதை ஒருபோதும் அணைக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கருவி வந்துவிட்டது. அதைப் பொருத்த வேண்டிய ஆள் வரவில்லை. கடிதம் எழுதினேன். நினைவூட்டினேன். நினைவூட்டியதையும் நினைவூட்டினேன். பதில் இல்லை.

பதில் வராத கடிதம் வேறொன்றும் இருந்தது. அது என் மனைவிக்கு எழுதியது.

நீலாவும் நானும் மணமாகி ஓராண்டு ஆகவில்லை. அவள் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோபித்துக்கொண்டு திருவாரூருக்குத் தாய்வீடு போய்விட்டாள். காரணம் அற்பமானது. அரிசிப் பானைக்கு மூடி போடும் முறை பற்றி அவளுக்கு நான் அரைமணி நேரம் விளக்கினேன். அவள் இடையில் ஏதோ சொல்ல வந்தாள். “முடிச்சிடறேன், இரு” என்றேன். முடித்தபோது அவள் பெட்டி கட்டி முடித்திருந்தாள்.

“உங்களுக்குப் பேசத்தான் தெரியும். எதிராளி வாயைத் தொறந்தா காது அடைச்சுக்கும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சமாதானக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கை பழக்கதோஷம், ‘பார்வை: தங்களது வாய்மொழிக் கூற்று, சென்ற வெள்ளிக்கிழமை’ என்று ஆரம்பித்துவிட்டது. (அடித்துத் திருத்தியிருக்கலாம். அலுவலகக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் கூடாதே!) பொங்கலுக்குள் அவள் வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. புதுப்பானையை வாங்கி அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்திருந்தேன். பொங்கத்தான் ஆள் இல்லை.

இங்கே என் மாமனாரையும் சொல்லிவிட வேண்டும். திருவாரூர் காவல் நிலையத்தில் வயர்லெஸ் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு; எங்கள் ஜீப் செட்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய மீசை, சிறிய பேச்சு. வீடு நிலையத்துக்குப் பின்னாலேயே குடியிருப்பில்.

தொழில்நுட்பர் வரமாட்டார் என்று தெரிந்த அன்று, பி.எஸ்சி. பௌதிகம் படித்த மிடுக்கில், நானே ஜீப்பின் முன்மூடியைத் திறந்தேன். டிரைவர் மாணிக்கம் பக்கத்தில் நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது சாமி மாதிரி, தொட்டால் தெரியும் என்பது மட்டும்.

முதல் இணைப்பில் வயர்லெஸ் பேசவில்லை, ஹாரன் பேசியது. நிறுத்தாமல் பேசியது. தாசில்தார் வந்துவிட்டார் என்று நினைத்து அலுவலகமே எழுந்து நின்றது. இரண்டாவது முறை, வண்டியின் எந்த வயரோடும் உறவே வேண்டாம் என்று, பாட்டரியிலிருந்து நேராக ஒரு கம்பியை இழுத்துவிட்டேன். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாலும் செட் அணையாது. இடையில் ஃப்யூஸ் வேண்டும். கடையில் கிடைக்கவில்லை. மாணிக்கத்தின் சிகரெட் பெட்டியிலிருந்த வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகினேன். செட் இரைந்தது. எனக்குள் ஒரு விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்தான்.

“புதுசு. பூசை போடாம எடுக்கக் கூடாதுங்கய்யா” என்றார் மாணிக்கம்.

பூசைக்கு எதிராக விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவர் சந்தனத்தை வழியவழியக் குழைத்து செட்டுக்கு மூன்று இடத்தில் வைத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஏரியலுக்குக் கதம்பச்சரம். கடைசியில், கையில் பிடித்துப் பேசும் மைக்கைப் பார்த்தார்.

“வாய் இருக்கிற எடத்துலதாங்க கண்ணு படும். இதுக்கும் ஒண்ணு வெச்சிடலாங்களா?”

“வையுங்க.”

அவர் வைத்த இடம் மைக்கின் பொத்தான். அதை அழுத்தினால்தான் நம் பேச்சு போகும். விட்டால்தான் எதிராளி பேச்சு வரும். அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த அலைவரிசையில் உள்ள வேறு யாரும் வாய் திறக்க முடியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நீலா சொன்னதும் இதைத்தான் என்று மட்டும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு கிராமத்தில் பேச்சுவார்த்தை. நெல் தலைசாய்ந்து நின்றது. இன்னும் நாலு நாள் விட்டால் வயலிலேயே கொட்டிவிடும். போய்ச் சேர்ந்ததும் மைக்கை எடுத்து, பொத்தானை அழுத்தி, “வந்து சேர்ந்தோம். ஓவர்” என்றேன். பதில் வரவில்லை. மாமனார் கோபத்தில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு மைக்கைக் கொக்கியில் மாட்டினேன். காய்ந்த சந்தனம் பொத்தானைக் கவ்விப் பிடித்திருந்ததை நான் பார்க்கவில்லை. செட்டில் ஒரு சத்தமும் இல்லை. மாவட்டமே அமைதியாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

களத்துமேட்டில் ஒரு பக்கம் மிராசுதார். எதிர்ப்பக்கம் தொழிலாளர்களுக்காகப் பேச வந்த அஞ்சலை.

“கூலியைக் கூட்டுங்க, நாளைக்கே எறங்கறோம்” என்றார் அஞ்சலை.

“உங்களை விட்டா எனக்கு ஆளே இல்லையா?”

“இருக்காங்க. வெளியூர்லேருந்து வருவாங்க. வாய்க்கா வெட்டவும் வரப்பு கட்டவும் நாத்து நடவும் அவங்களையே கூப்பிடுங்க.”

மிராசுதார் துண்டை உதறினார். தங்களுக்குள் கலந்து பேச வேண்டும் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒதுங்கின. நானும் மாணிக்கமும் ஜீப்பில் வந்து உட்கார்ந்தோம். என் தலைக்கு அருகே மைக் ஆடிக்கொண்டிருந்தது.

“பொங்கலுக்கு அம்மா வந்துருவாங்கள்ல?” என்றார் மாணிக்கம்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன் போல. கொட்டித் தீர்த்துவிட்டேன். ரசம் வைக்கப் போய் பாத்திரம் பொத்தலானது, அவள் வைத்த கனகாம்பரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது, துணி துவைக்கும்போது அவள் ஏதோ முனகுவாளே, அது கேட்காமல் கிணற்றடிப் பக்கமே போகப் பிடிக்காதது, எல்லாம்.

“போய்க் கூட்டியாந்துட வேண்டியதுதானே?”

“முன்னுதாரணம் ஆயிடும் மாணிக்கம்.”

“அப்படின்னா?”

“ஒரு தடவை போனா ஒவ்வொரு தடவையும் போகணும்.”

“போனா என்னங்க? நான் இதுவரைக்கும் எத்தனை தடவை போயிருப்பேன்! எங்க மாமியாரு என்னைப் பாத்தாலே ஒலை வெச்சுருவாங்க.”

பிறகு சொன்னேன்: “நேத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். திருவாரூர் பஸ் வந்துச்சு. ஏறலை.”

“ஏங்க?”

“போய் நின்னு என்ன சொல்றது? அவ சொன்னது சரின்னு சொல்லணும். சரிதான். ஆனா அதைச் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. அதுவும் அவங்கப்பா மீசைக்கு முன்னால நின்னா எனக்கு விதியெல்லாம் மறந்துபோயிடுது.”

மாணிக்கம் சிரித்தார். நானும் சிரித்தேன். (மூன்று தாலுகா போலீசும் சிரித்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன்.)

பேச்சு மீண்டும் தொடங்கி மீண்டும் முறிந்தது. பிற்பகலில் மிராசுதார் எழுந்தார். “தாசில்தார் சார், இது ஆவாது. போலீஸ் வேனைக் கூப்பிடுங்க.”

அஞ்சலைக்குப் பின்னால் நின்றவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் ஜீப்புக்குப் போய் மைக்கை எடுத்தேன். செட் செத்துக் கிடந்தது. காலையிலிருந்து ஓயாமல் பேசியதில் பாட்டரி காலி. மாணிக்கம் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை இருமியது, அவ்வளவுதான். வேன் வராது, நான் போகவும் முடியாது. அரசாங்கமே அந்தக் களத்துமேட்டில் மாட்டிக்கொண்டது.

வேறு வழியில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். “வேன் வராதுங்க. நாமதான் பேசியாகணும்” என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியாததால் வாயை மூடிக்கொண்டேன். மனிதர்கள் தாமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. பொழுது சாயும்போது மிராசுதார் கொஞ்சம் ஏறினார், அஞ்சலை கொஞ்சம் இறங்கினார். ஒப்பந்தம் ஆயிற்று.

“கெளம்புங்கய்யா, இருட்டப் போவுது” என்றார் அஞ்சலை.

“வண்டி கெளம்பாதும்மா. தள்ளணும்.”

அவர் என்னையும் ஜீப்பையும் ஏற இறங்கப் பார்த்தார். “இதை நம்பியா எங்களை மெரட்ட வந்தீங்க?”

ஆட்கள் வந்து கைவைத்தார்கள். மிராசுதார் கொஞ்சம் யோசித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளியதில் அரசாங்கம் கிளம்பியது.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. உள்ளே நீலா என் பொத்தல் பாத்திரத்தை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப வந்தே?”

“நீங்க பஸ் ஸ்டாண்டுல ஏறாத பஸ்ஸு திரும்பி வந்துச்சு. அதுல ஏறிட்டேன்.”

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்பா ஆளனுப்பிக் கூப்பிட்டாரு. போனா உங்க குரல். கான்ஸ்டபிள், ரைட்டர், எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. நான் உங்களுக்குப் பதில் சொல்லணும்னு மைக்கைக் கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. நீங்க பொத்தானை விட்டாத்தான் எங்க சத்தம் உங்களுக்குக் கேக்குமாம்.” பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “கல்யாணம் ஆன நாளா நானும் அதைத்தானே சொல்றேன்?”

“அவர் வேறென்ன சொன்னார்?”

“‘இப்பவே பஸ்ஸைப் புடி. அவர் நிறுத்த மாட்டாரு, பாட்டரிதான் நிக்கும்’னாரு. அப்புறம்,” என்று சிரிப்பை அடக்கினாள், “மீசையைக் கொஞ்சம் கொறைச்சுக்கட்டுமான்னு கேக்கச் சொன்னாரு.”

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அவள் பேசினாள். அரிசிப் பானை மூடியைப் பற்றி அவளுக்கும் சொல்ல நிறைய இருந்தது.

பொங்கல் பொங்கியது. மூன்று தாலுகாவின் வயர்லெஸ் தொடர்பை ஒரு பகல் முழுக்க முடக்கியதற்கு விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. சந்தனத்தைக் காரணமாக எழுதினேன், ஏற்கவில்லை. கண்டனம் பதிவாயிற்று.

இன்றைக்கும் நான் நீட்டி முழக்க ஆரம்பித்தால், அமெரிக்காவிலிருந்து பேசும் பேரன்கூட, “தாத்தா, பொத்தானை விடுங்க” என்கிறான். வீட்டில் புது வண்டியோ மிக்ஸியோ வாங்கினால் நீலா சந்தனக் கிண்ணத்தோடு வந்து என் உதட்டைப் பார்ப்பாள்.

வயர்லெஸ்ஸைப் பொருத்த ஆள் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கும் ஒருநாள் பதில் வந்தது. தொழில்நுட்பர் உரிய காலத்தில் அனுப்பி வைக்கப்படுவார், அதுவரை கருவியை எவரும் தொட வேண்டாம் என்றிருந்தது. நான் விடுப்பில் இருந்ததால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்ததால் மாணிக்கம்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அன்று அடுத்த வருஷத்து வைகாசி விசாகம். எங்கள் மூத்த மகளுக்குக் காது குத்து.