பத்து கிலோ அரிசியும் மலேசியா மலையும்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதேன். முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு, கம்பத்துல இருந்து மலை உச்சியில இருக்க கம்பம்மெட்டு வரைக்கும் ஒத்தையடிப் பாதையில மலை ஏறணும். எறங்கணும். வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடணும். அம்புட்டுதேன்.

எதுக்கு ஏறணும்? சொல்றேன்.

என் மச்சான், அதாவது என் பொண்டாட்டி மும்தாஜோட அண்ணன், மலேசியாவுல சபாங்கிற பக்கம் வேலை பாக்குறாரு. அங்கன கினபாலுன்னு ஒரு மலை. நாலாயிரம் மீட்டருக்கு மேல உசரம். ஒரு நாள் போன் போட்டு, "மாப்ள, கெளம்பி வாங்க. ரெண்டு பேரும் ஏறிருவோம்"ன்னாரு.

நான் அதுவரைக்கும் ஏறுன உசரமான எடம், என் எலக்ட்ரிக்கல் கடையில ஃபேன் மாட்ட வச்சிருக்க ஏணி. அதுலயும் கடைசிப் படிக்குப் போக மாட்டேன்.

ஆனா "மலேசியா"ன்னு காதுல விழுந்ததும் வாய் முந்திக்கிருச்சு. "ஏறிருவோம் மச்சான்!"

மறுநாளே கம்பம் பூரா சொல்லிட்டேன். ஒயர் வாங்க வந்தவர்கிட்டச் சொன்னேன். பல்பு மாத்த வந்தவர்கிட்டச் சொன்னேன். பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கப் போன எடத்துல, சிரிக்காதீகன்னு சொல்லச் சொல்லச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

அதுக்கப்புறம்தேன் மச்சான்கிட்ட இருந்து இமெயில் வந்துச்சு. பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்துப் படிச்சேன். ரெண்டு மாசம் பழகணுமாம். முதுகுல பத்து கிலோ பாரம் வச்சு, செங்குத்தான மலையா பாத்து ஏறணுமாம். பழகாம வர்றவகளைப் பாதியிலயே எறக்கி விட்டுருவாகளாம்.

பாதியில எறங்குனா? கடைத்தெருவுல எப்படித் தலை காட்டுறது?

உடனே மதுரைக்குப் போயி பூட்ஸ் வாங்குனேன். பெரிய பை வாங்குனேன். செவப்புத் தொப்பி வாங்குனேன். எல்லாத்தையும் மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். மும்தாஜ் பாத்துட்டு, "மலை ஏறுறவரு மாதிரியே இருக்கீக"ன்னா. பின்னாடியே, "மூச்சை உள்ள இழுத்துப் பிடிக்காம நில்லுங்க பாப்போம்"ன்னா.

நின்னேன். தொப்பை பெல்ட்டுக்கு மேல வந்து எட்டிப் பாத்துச்சு.

சரி, பாரம்? பத்து கிலோவுக்கு எங்கன போறது?

மும்தாஜே வழி சொன்னா. "அரிசி இருக்குல்ல? அஞ்சு கிலோ அஞ்சு கிலோவா ரெண்டு பொட்டணம் கட்டித் தாரேன்."

"நல்ல யோசனை!"

"நல்ல அரிசியைக் கொண்டு போயி மலையில சிந்திராதீக. கோழிக்குப் போட வச்சிருக்க ரேஷன் அரிசியைத் தாரேன்."

மக்களே, இந்த எடத்துல நீங்க கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம். கம்பத்துல பொறந்து வளர்ந்த நானும் யோசிச்சிருக்கணும். மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. உச்சியில ஏறுனா கேரளா. இங்கன சும்மா கெடைக்காத கொறையா வாங்குற ரேஷன் அரிசி, அங்கன போனா நல்ல வெலைக்குப் போகும். அதைத் தலையில வச்சுக் காட்டுப் பாதை வழியாக் கடத்துறது எங்க ஊர்ல ஊரறிஞ்ச சங்கதி. அதைப் பிடிக்க ஒரு பறக்கும் படையும் உண்டு.

யோசிக்கல. என் மண்டைக்குள்ள முழுக்க மலேசியா.

விடிஞ்சதும் கெளம்பிட்டேன். கால் மணி நேரத்துல பூட்ஸு கடிச்சுச்சு. அரை மணி நேரத்துல மூச்சு முட்டுச்சு. ஒரு பாறையில ஒக்காந்து, நாக்கு வெளிய தள்ளுற மாதிரி இளைச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்ப கீழ இருந்து நாலஞ்சு பொம்பளைக ஏறி வந்தாக. ஒவ்வொருத்தர் தலையிலயும் முப்பது கிலோவாச்சும் இருக்கும், ஒரு மூட்டை. கால்ல செருப்பு கெடையாது. கதை பேசிக்கிட்டே வாராக! முன்னாடி வந்த அம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும். பேரு பேச்சியம்மான்னு பின்னால தெரிஞ்சுக்கிட்டேன்.

"என்ன தம்பி, புதுசா?"

மலை ஏற புதுசான்னு கேக்குறாகன்னு நெனைச்சு, "ஆமாக்கா, இன்னைக்குத்தேன் மொத நாளு"ன்னேன்.

"எம்புட்டு வச்சிருக்க?"

"பத்து கிலோ."

"பத்தா! அதுக்கா இந்தப் பூட்ஸு?" எல்லாரும் சிரிச்சாக. "சரி வா. நேர் பாதையில போகாத. நாங்க போற வழியில வா, சீக்கிரம் போயிரலாம்."

என்னா நல்ல மனசு, பாத்தீகளா? பின்னாடியே போனேன். நூறு அடி போகல, மேல இருந்து விசில் சத்தம் கேட்டுச்சு. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள பொம்பளைக ஒருத்தரையும் காணோம்! மூட்டையையும் காணோம். புதருக்குள்ள எல எல்லாம் ஆடுச்சு, அம்புட்டுதேன்.

நடு வழியில செவப்புத் தொப்பியோட நான் மட்டும் நிக்கேன்.

ரெண்டு பேரு எறங்கி வந்தாக. ஒருத்தரு பெரிய மீசை வச்ச பறக்கும் படை ஆபீசரு. இன்னொருத்தரு போலீஸ்காரரு.

"பையில என்ன?"

"அரிசி சார்." என்னமோ பரீட்சையில பதில் தெரிஞ்ச பையன் மாதிரி டக்குன்னு சொன்னேன்.

ஆபீசரு பொட்டணத்தைப் பிரிச்சு ஒரு பிடி எடுத்து மோந்து பாத்தாரு. "ரேஷன் அரிசி. எங்கன கொண்டு போற?"

"மேல கொண்டு போயிட்டுத் திரும்பக் கீழ கொண்டு வருவேன் சார்."

"கீழ கொண்டு வர்றதுக்கு எதுக்குய்யா மேல கொண்டு போற?"

நல்ல கேள்வி.

"மலை ஏறிப் பழகுறேன் சார். மலேசியாவுல ஒரு மலை இருக்கு..."

"மலேசியா மலைக்கு ரேஷன் அரிசி எதுக்கு?"

சொன்னா நம்பணும்ல? "கேஸ் எழுதுங்க"ன்னு போலீஸ்காரர்கிட்டச் சொல்லிட்டாரு. கேஸு விழுந்தா பாஸ்போர்ட்டு? பேப்பர்ல பேரு வந்தா கடை? "சார், வீட்டுல கேட்டுப் பாருங்க சார்!"ன்னு கெஞ்சி நம்பரைக் குடுத்தேன்.

அவரு செல்போன்ல போட்டாரு. மும்தாஜ் எடுத்தா. அவ குரல் காடு பூராக் கேக்கும்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு பையில இருக்க அரிசி யாரு குடுத்தது?"

"நாந்தேன் சார் எடை போட்டுக் கட்டிக் குடுத்தேன்!" குரல்ல அம்புட்டுப் பெருமை. "இன்னைக்குப் பத்துக் கிலோ. அடுத்த வாரம் பதினஞ்சு. அதுக்கடுத்து இருபது. கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டலாம்னு இருக்கோம்."

ஆபீசரு என்னைப் பாத்தாரு. நான் ஆகாசத்தைப் பாத்தேன்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கண்ணன் சார். மலேசியாவுல இருந்துக்கிட்டு இமெயில்ல எல்லாம் அவுகதேன் சொல்லுறாக."

போனை வச்சாரு. "கேரளாவோட முடிஞ்சுச்சுன்னு நெனைச்சோம். மலேசியா வரைக்கும் ஆள் வச்சிருக்கியா?"

அழுகை வந்துருச்சு. அம்பது பேருக்கு முன்னாடி பீத்துன மனுசன், காட்டுக்குள்ள நின்னு கண்ணைத் தொடைக்கேன். அதைப் பாத்து ஆபீசருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு போல. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிட்டு, மேல ஒரு பாறையைக் காட்டுனாரு.

"பையை மாட்டு. அந்தப் பாறை வரைக்கும் ஏறு பாப்போம்."

மாட்டுனேன். ஏறுனேன். இருபது எட்டு வச்சிருப்பேன். நெஞ்சு மத்தளம் அடிக்குது, கண்ணு இருட்டுது. அப்படியே பையோட மல்லாக்கச் சாஞ்சுட்டேன். ஆமையைக் கவுத்துப் போட்ட மாதிரி கெடக்கேன், எந்திரிக்க முடியல. போலீஸ்காரரு ஓடி வந்து தண்ணி குடுத்தாரு.

ஆபீசரு குனிஞ்சு என்னைப் பாத்துட்டுச் சொன்னாரு: "விட்ருங்கப்பா. இவரு கடத்துற ஆளு இல்ல. இந்தத் தொழில்ல இவரு அரை நாள் தாங்க மாட்டாரு."

ஒரே நேரத்துல அம்புட்டு நிம்மதியும் அம்புட்டு அவமானமும் எனக்கு வந்ததே இல்ல.

அரிசியோட கீழ எறங்குறப்ப, புதருக்குள்ள இருந்து பேச்சியம்மா தலையை நீட்டுனாக.

"விட்டுட்டாகளா தம்பி?"

"விட்டுட்டாகக்கா."

"என்ன சொல்லித் தப்பிச்ச?"

"ஒண்ணும் சொல்லல. மூச்சு வாங்குனேன்."

பேச்சியம்மா கொஞ்சம் யோசிச்சாக. "அது நமக்கு வராதே"ன்னு வருத்தமாச் சொல்லிட்டு உள்ள போயிட்டாக.

வீட்டுக்கு வந்தா மும்தாஜ் வாசல்லயே நிக்கா. "யாரோ ஒரு சாரு ரொம்ப அக்கறையா விசாரிச்சாக. நல்ல மனுசன்!"ன்னா. நான் இட்லியைத் தவிர வேற எதுக்கும் வாயைத் தொறக்கல.

மறுநாள்ல இருந்து அரிசி கெடையாது. கேன்ல பத்து லிட்டர் தண்ணி. ரெண்டு மாசம் ஏறுனேன். தொப்பை கொறைஞ்சுச்சு. கடைசியில கினபாலு உச்சிக்கும் போயிட்டேன். மச்சான் பாதியில உக்காந்துட்டாரு, அது வேற விசயம்.

உச்சியில ஒரே குளிர். பக்கத்துல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தவரு மலையாளி, இடுக்கிக்காரரு. எங்க பள்ளத்தாக்குக்குத் தண்ணியே அவுக கேரளாவுல இருக்க அணையில இருந்துதேன் வருது. வருசா வருசம் அதுக்கு ரெண்டு பக்கமும் சண்டை.

"எப்படிப் பழகுனீங்க?"ன்னு கேட்டாரு.

"தெனமும் பத்து லிட்டர் தண்ணியைத் தமிழ்நாட்டுல இருந்து கேரளாவுக்குத் தூக்கிட்டுப் போவேன்"னேன்.

அவருக்கு அதுக்கப்புறம் மூச்சு முட்டுனது உசரத்துனால இல்லன்னு நெனைக்கேன்.