புளி போட்டு மினுக்கிய தோட்டாக் கோதுகள்

பித்தளையைக் கண்டால் சும்மா கடந்துபோக என்னால் முடியாது. விளக்கோ தாம்பாளமோ, புளி போட்டு மினுக்கினால்தான் மனம் ஆறும். (மனைவி சுகந்தி இதை நோய் என்கிறாள்.) அந்த நோய்தான் ஒருமுறை அவளுடைய வேலையையும், அதை நம்பியிருந்த எங்கள் வதிவிட அனுமதியையும் விழுங்கப் பார்த்தது.

பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரின் வீட்டில் சுகந்தி துப்புரவு வேலை செய்தாள். அவள் கால் சுளுக்கிப் படுத்த வாரம் அவளுக்குப் பதிலாக நான் போனேன். பெர்மெசோ என்கிற எங்கள் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, அவர் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய வாரமும் அதுதான்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன்ரை அறையிலை தூசி மட்டும் தட்டுங்கோ. ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ."

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதே?" என்றேன். (தெரியவில்லை.)

சிஞ்ஞோரே என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் அந்தப் பல் வைத்தியருக்குத் துப்பாக்கி சுடும் போட்டி என்றால் பைத்தியம். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி நிரப்பித் தானே தோட்டா செய்வார். மேசையில் இரண்டு பெட்டி நிறையக் கோதுகள். எல்லாம் பித்தளை. எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன. எனக்குக் கை துருதுருத்தது. அவர் வருவதற்குள் இவற்றைப் பொன்னாக்கி வைத்தால், கையெழுத்து என்ன, காலிலேயே விழுவார் என்று கணக்குப் போட்டேன்.

பல்லரோ சந்தைக்கு ஓடிப்போய்ப் புளி வாங்கி வந்தேன். இரண்டு பெட்டியையும் ஒரே வாளியில் கொட்டினேன். (ஒரே அளவு, ஒரே உருவம், பிறகேன் இரண்டு பெட்டி?) புளியும் உப்பும் கரைத்து ஊறவிட்டு, சமையலறையைத் துடைத்து, ஒரு கோப்பியும் குடித்துவிட்டு வந்து தேய்த்தேன். எனக்கே கண் கூசியது.

சிஞ்ஞோரே வந்தார். ஒரு கோதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"தமரிந்தோ?" என்றார். புளிக்கும், சீனி போட்டு அவர்கள் குடிக்கிற புளிச் சர்பத்துக்கும் அதுதான் பெயர். "நான் கோடையில் குடிப்பதை என் தோட்டாவுக்கும் பருக்கினாயா?"

"சீ, சிஞ்ஞோரே," என்று பெருமையோடு அவர்கள் மொழியில் ஆமாம் போட்டேன்.

கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ஆயுள் முழுவதும் பிறர் பல்லைப் பிடுங்கியவருக்கு அன்றுதான் சொந்தப் பல் போன முகம். மெல்ல விளக்கினார். கோதின் அடியில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிறைமர் என்ற சின்ன மூடி உட்கார ஒரு குழி இருக்கிறது. வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் சில கோதுக்குப் பெரிய குழி, சிலவற்றுக்குச் சின்னக் குழி. ஒன்றின் பிறைமர் மற்றதற்குப் பொருந்தாது. மாரி முழுவதும் இருந்து அவர் அதைத்தான் இரண்டு பெட்டியாகப் பிரித்திருந்தார். போதாக்குறைக்கு, புளியில் கூடுதலாக ஊறியவை ரோசா நிறத்துக்கு மாறியிருந்தன. பித்தளை பலம் கெட்டுவிட்டதாம், குப்பைக்குத்தானாம்.

பெர்மெசோ போச்சு, சுகந்தியின் வேலை போச்சு, எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? உண்மையாகவே அழுகை வந்தது.

"உட்கார்," என்றார். இருவரும் ஜன்னலோரம் இருந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் குழி பார்த்துப் பிரித்தோம். பெரிதுக்குக் "கிராந்தே", சிறிதுக்குப் "பிக்கொலோ" என்று பாலர் வகுப்புப் பிள்ளைபோல் நான் சொல்லச் சொல்ல, அவர் சரிபார்த்தார். நடுவில் எட்டிப் பார்த்த அவர் மனைவி, அந்த மினுக்கத்தைக் கண்டு வாயைப் பிளந்தார்.

"எங்கள் வாசல்கதவுப் பித்தளைக் கைபிடியையும் இப்படி ஆக்குவாரா?"

மிச்சப் புளியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அதையும் மினுக்கினேன். அந்தக் கைபிடிதான் எங்களைக் காப்பாற்றியது. கையெழுத்து விழுந்தது, ஒரு நிபந்தனையோடு: அவருடைய அறைச் சாவி சுகந்தியின் கையில் மட்டும்தான் இருக்கும்.

இப்போதும் ஈஸ்டர் வந்தால் கைபிடி மினுக்க எனக்கு அழைப்பு வரும். வீட்டில் நான் எதைக் கழுவ எடுத்தாலும் மகள் பலெர்மோ இழுவையில், "பப்பா, கிராந்தேயோ, பிக்கொலோவோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். போன வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குப் புளி கரைத்தேன். சுகந்தி வாய் திறக்க முன்னமே, விளக்கைக் கவிழ்த்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.